ஒரே புள்ளியில் அரையிறுதி, ஆறு நாளில் கோப்பை: டாக்கா 2018 பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2018 செப்டம்பர் 15 அன்று டாக்காவின் பங்கபந்து தேசிய மைதானத்தில் மாலத்தீவு அணி இந்தியாவை 2-1 என்று தோற்கடித்துத் தெற்காசியக் கால்பந்துக் கோப்பையை இரண்டாவது முறையாக வென்றது. ஆனால் லீக் சுற்றில் அந்த அணி ஒரு ஆட்டத்திலும் ஜெயிக்கவில்லை, ஒரு கோல்கூட அடிக்கவில்லை. இரண்டு ஆட்டம் ஆடி, ஒன்றில் டிரா, ஒன்றில் தோல்வி. கையில் இருந்தது ஒரே ஒரு புள்ளி. அதே ஒரு புள்ளியோடு இலங்கையும் நின்றது. இரண்டையும் பிரிக்க விதிமுறைப் புத்தகத்தில் வேறு வழி இல்லாமல் போக, பூவா தலையா போட்டுப் பார்த்து மாலத்தீவை அரையிறுதிக்கு அனுப்பினார்கள். அதே தொடரில், போட்டியை நடத்திய வங்கதேசம் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்று 6 புள்ளி எடுத்தும் லீக் சுற்றோடு வெளியேறியது.

ஆறு புள்ளிக்காரர் வெளியே, ஒரு புள்ளிக்காரர் சாம்பியன். இதைக் கேட்டதும் எல்லோரும் நாணயத்தைத்தான் திட்டுகிறார்கள். என் பார்வையில் நாணயம் கடைசியில் வந்த ஒரு சாட்சி, அவ்வளவுதான். ஏழு அணிகளை நான்கு, மூன்று என்று பிரித்த நாளிலேயே இந்தச் சிக்கலுக்கு வழி திறந்துவிட்டது. அதற்குப் பிறகு மாலத்தீவு ஆடிய இரண்டு ஆட்டங்களில் அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு இல்லை.

தொடரின் வரலாறு

1993-இல் லாகூரில் நான்கு அணிகளோடு, சார்க் தங்கக் கோப்பை என்ற பெயரில் இந்தப் போட்டி தொடங்கியது. இறுதிப் போட்டி என்று தனியாக ஒன்று கிடையாது. எல்லோரும் எல்லோருடனும் மோதி, புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்த இந்தியா கோப்பையை எடுத்துக்கொண்டது. 1995-இல் கொழும்பில் இலங்கை அதே இந்தியாவை இறுதிப் போட்டியில் தங்க கோல் முறையில் (கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடும்) 1-0 என்று வென்றது. இலங்கைக் கால்பந்து இன்றுவரை எடுத்த ஒரே தெற்காசியக் கோப்பை அதுதான். தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 1997-இல் உருவானது. பூட்டானும் ஆப்கானிஸ்தானும் பிற்பாடு சேர்ந்தன.

2023 வரையிலான 14 தொடர்களில் இந்தியா 9 முறை வென்றிருக்கிறது. மாலத்தீவு இரண்டு முறை. இலங்கை, வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகியவை தலா ஒரு முறை. நேபாளத்துக்கு 2021-இல்தான் முதல் இறுதிப் போட்டியே அமைந்தது. இந்தியாவின் ஆதிக்கம் அப்பட்டமாகத் தெரிகிறது. இருந்தாலும் கோப்பை கை மாறிய ஆண்டுகளைத்தான் இந்தப் பகுதியின் ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள். 2003-இல் இதே டாக்காவில் வங்கதேசம் மாலத்தீவைப் பெனால்டி ஷூட்-அவுட்டில் வென்றது. 2008-இல் கொழும்பில் மாலத்தீவு இந்தியாவை 1-0 என்று சாய்த்தது. 2013-இல் காத்மாண்டுவில் ஆப்கானிஸ்தான் 2-0 என்று வென்றபோது காபூல் தெருக்களில் மக்கள் திரண்டு கொண்டாடினார்கள். போர் ஓயாத ஒரு நாட்டுக்கு அந்த வெற்றி என்ன கொடுத்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஏழு அணிக் கணக்கு

2015-இல் ஆப்கானிஸ்தான் தெற்காசியக் கூட்டமைப்பிலிருந்து விலகி மத்திய ஆசியப் பிரிவுக்கு மாறியது. அதுவரை எட்டு உறுப்பினர்கள், அதாவது தலா நான்கு அணிகள் கொண்ட இரண்டு குழுக்கள் சரியாக அமைந்தன. எட்டு ஏழானதும் ஒரு குழுவில் நான்கு, இன்னொன்றில் மூன்று என்றானது. இப்படி ஒரு குழு 2018-க்கு முந்தைய, ஆப்கானிஸ்தான் கடைசியாக ஆடிய 2015 தொடரிலும் இருந்தது. திருவனந்தபுரத்தில் நடந்த அந்தத் தொடரிலிருந்து பாகிஸ்தான் விலகியதால் இந்தியா, இலங்கை, நேபாளம் என்று மூன்று அணிகளோடு ஒரு குழு ஓடியது. அங்கே இந்தியா இரண்டையும் வென்றது, இலங்கை நேபாளத்தை வென்றது, கேள்விக்கே இடமில்லாமல் கணக்கு முடிந்தது. ஒரு முறை சிக்கல் வராமல் தப்பித்ததால் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் அரையிறுதிக்குப் போவார்கள். நான்கு அணிக் குழுவில் ஒவ்வொருவருக்கும் மூன்று ஆட்டம். மூன்று அணிக் குழுவில் இரண்டுதான். ஆட்டம் குறையும்போது அணிகளைப் பிரித்துக்காட்டும் எண்களும் குறைந்துவிடும். தெற்காசியாவில் இதற்கு இன்னொரு பரிமாணம் உண்டு. இந்தியா இருக்கும் குழுவில் மற்ற இருவரும் இந்தியாவிடம் தோற்பதற்கு வாய்ப்பு அதிகம். அப்படியானால் மீதி இருக்கும் ஒரே ஒரு ஆட்டம்தான் இரண்டாம் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். அது டிராவில் முடிந்தால்? இந்தியாவிடம் யார் எத்தனை கோலில் தோற்றார்கள் என்று பார்க்க வேண்டும். அதுவும் சமமாக இருந்தால்?

சமமாகத்தான் இருந்தது.

ஏ குழு: ஆறு புள்ளி எடுத்தும் போதவில்லை

முதலில் வங்கதேசத்தின் கதை. ஏ குழுவில் வங்கதேசம், நேபாளம், பாகிஸ்தான், பூட்டான். முதல் நாளே பாகிஸ்தான் நேபாளத்தை 2-1 என்று வென்று எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. 2017 அக்டோபரில் ஃபிஃபா விதித்த தடை 2018 மார்ச்சில்தான் நீங்கியிருந்தது. சுமார் மூன்று ஆண்டுகளாக சர்வதேச ஆட்டமே இல்லாமல் வந்த தேசிய அணி அது. அன்றே வங்கதேசம் பூட்டானை 2-0 என்று வென்றது. அடுத்து பாகிஸ்தானையும் 1-0 என்று வென்றது. தற்காப்பு ஆட்டக்காரர் தொப்பு பர்மன் 85-ஆவது நிமிடத்தில் அடித்த கோல் அது. மைதானம் ஆர்ப்பரித்தது. இரண்டு ஆட்டம், ஆறு புள்ளி, வாங்கிய கோல் ஒன்றுமில்லை.

செப்டம்பர் 8, கடைசி நாள். எல்லா ஆட்டங்களும் ஒரே மைதானத்தில் என்பதால் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. பாகிஸ்தான் பூட்டானை 3-0 என்று வென்று ஆறு புள்ளிக்கு வந்துவிட்டது. நேபாளம் ஏற்கெனவே பூட்டானை 4-0 என்று வென்று மூன்று புள்ளியில் இருந்தது. வங்கதேசத்துக்கு நேபாளத்தோடு ஒரு டிரா போதும். முதல் பாதியில் பிமல் கர்த்தி மகர் அடித்த ஃப்ரீ கிக் கோல்கீப்பரின் கையிலிருந்து நழுவி வலைக்குள் போனது. ஆட்டம் முடியும் தறுவாயில் நவயுக் ஸ்ரேஷ்டா இரண்டாவது கோலை அடித்தார். 0-2.

மூன்று அணிகளும் ஆறு புள்ளி. ஒருவரையொருவர் வட்டமாக வென்றிருக்கிறார்கள்: பாகிஸ்தான் நேபாளத்தை, நேபாளம் வங்கதேசத்தை, வங்கதேசம் பாகிஸ்தானை. கோல் வித்தியாசத்தில் (அடித்ததிலிருந்து வாங்கியதைக் கழித்தால்) நேபாளம் +5, பாகிஸ்தான் +3, வங்கதேசம் +1. பூட்டானுக்கு எதிரான கோல்களைத் தள்ளிவிட்டு மூவருக்குள் நடந்த ஆட்டங்களை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் நேபாளம் +1, பாகிஸ்தான் 0, வங்கதேசம் -1. எந்த விதியை எடுத்தாலும் வரிசை மாறாது. ஆகவே வங்கதேசத்துக்கு நேர்ந்ததை அநியாயம் என்று சொல்ல முடியாது. கொடுமை என்று வேண்டுமானால் சொல்லலாம். 2011, 2013, 2015 தொடர்களிலும் லீக் சுற்றோடு வெளியேறிய அணி, சொந்த மண்ணில் இவ்வளவு அருகில் வந்து நான்காவது முறையாகத் தவறவிட்டது.

நான்கு அணிக் குழுவில் சிக்கல் எழுந்தபோதும் அதைத் தீர்க்கத் தேவையான அளவு ஆட்டங்களும் கோல்களும் இருந்தன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பி குழு: மூன்று ஆட்டம், நான்கு கோல்

இந்தியா இந்தத் தொடருக்கு 23 வயதுக்கு உட்பட்டவர்களைப் பெரும்பாலும் கொண்ட அணியை அனுப்பியிருந்தது. நட்சத்திர ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரி வரவில்லை. 2009-இலும் இதே டாக்காவுக்கு இளைஞர் அணியை அனுப்பிக் கோப்பை வென்ற அனுபவம் இந்தியாவுக்கு உண்டு. பயிற்சியாளர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன்.

செப்டம்பர் 5: இந்தியா 2, இலங்கை 0. ஆஷிக் குருனியன் ஒன்று, லாலியன்சுவாலா சாங்தே ஒன்று. செப்டம்பர் 7: இலங்கை 0, மாலத்தீவு 0. அத்தோடு இலங்கையின் லீக் ஆட்டங்கள் முடிந்துவிட்டன. இனி உட்கார்ந்து பார்ப்பது மட்டும்தான் அவர்கள் வேலை. செப்டம்பர் 9 அன்று இந்தியாவும் மாலத்தீவும் மோதின. 36-ஆவது நிமிடத்தில் நிகில் பூஜாரி, இடைவேளைக்குச் சற்று முன் மன்வீர் சிங். இடைவேளையில் 2-0.

இங்கிருந்துதான் இந்தத் தொடரின் மிக விசித்திரமான 45 நிமிடம் தொடங்குகிறது. இந்தியா மூன்றாவது கோல் அடித்தால் இலங்கை அரையிறுதிக்குப் போகும். மாலத்தீவு ஒரே ஒரு கோல் அடித்தால், தோற்றாலும் மாலத்தீவு போகும். ஒன்றுமே நடக்காவிட்டால் இரண்டு அணிகளையும் பிரிக்க எந்த எண்ணும் மிஞ்சாது. ஒன்றுமே நடக்கவில்லை. இலங்கை: 1 புள்ளி, அடித்தது 0, வாங்கியது 2. மாலத்தீவு: 1 புள்ளி, அடித்தது 0, வாங்கியது 2. நேருக்கு நேர் மோதியது 0-0. விதிப் பட்டியலின் கடைசி வரி வரை போய், நாணயத்தைச் சுண்டினார்கள். மாலத்தீவு உள்ளே, இலங்கை வீட்டுக்கு.

இலங்கை வீரர்களின் நிலையை யோசித்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. அவர்கள் எந்த ஆட்டத்திலும் மாலத்தீவைவிட மோசமாக ஆடவில்லை, சிறப்பாகவும் ஆடவில்லை. அடிக்க வேண்டிய கோலை அடிக்காதது அவர்கள் குறைதான், மறுக்கவில்லை. ஆனால் மாலத்தீவுக்குக் கிடைத்த ஒரு வசதி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கடைசி ஆட்டத்தில் ஆடிய அணிக்குத் தனக்கு என்ன வேண்டும் என்பது நிமிடத்துக்கு நிமிடம் தெரியும். மூன்றாவது கோலை வாங்காமல் இருந்தால் குறைந்தபட்சம் நாணயமாவது மிச்சம் என்று தெரிந்து ஆடலாம். செப்டம்பர் 5 அன்று இந்தியாவோடு ஆடிய இலங்கைக்கு அப்படி எந்தக் கணக்கும் தெரிய வழியில்லை.

இந்த ஆபத்தைக் கால்பந்து உலகம் நெடுங்காலமாக அறியும். 1982 உலகக் கோப்பையில் ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆடிய ஆட்டம் இருவருக்கும் வசதியான 1-0 என்று முடிந்து, இருவரும் அடுத்த சுற்றுக்குப் போனார்கள். முந்தைய நாளே தன் ஆட்டங்களை முடித்துவிட்ட அல்ஜீரியா வெளியேறியது. அதன் பிறகுதான் குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் நடத்தும் வழக்கம் நிலைபெற்றது. மூன்று அணிக் குழுவில் அந்த மருந்து வேலை செய்யாது, ஒருவர் எப்படியும் வெளியே உட்கார்ந்தாக வேண்டும். டாக்காவில் அப்படிக் கூட்டுச் சேர்ந்து ஆடியதாக யாரையும் சொல்ல முடியாது. இந்தியா நேர்மையாக ஆடி வென்றது. அப்படி இருந்துமே முடிவு இப்படி வந்தது என்பதுதான் கவலை.

நாணயமும் மஞ்சள் அட்டையும்

பூவா தலையாவால் ஒரு கால்பந்து அணியின் விதி முடிவானது இது முதல் தடவை அல்ல. 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் ஒன்றியமும் நேப்பிள்ஸில் கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 0-0 என்று நிற்க, நாணயம்தான் இத்தாலியை இறுதிக்கு அனுப்பியது. இத்தாலி கோப்பையையும் வென்றது. 2015 ஆப்பிரிக்கக் கோப்பையில் கினியும் மாலியும் தங்கள் மூன்று ஆட்டங்களையுமே 1-1 என்று முடித்திருந்தன. சீட்டுக் குலுக்கியதில் கினி போனது. டாக்காவுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், 2018 உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் எல்லாவற்றிலும் சமமாக நிற்க, மஞ்சள் அட்டை குறைவாக வாங்கிய ஜப்பான் முன்னேறியது.

மஞ்சள் அட்டையை எண்ணுவது நாணயத்தைவிட நல்லது என்று பலர் சொல்வார்கள். வீரர்களின் நடத்தை அவர்கள் கையில் இருக்கிறது, நாணயம் யார் கையிலும் இல்லை என்பது அவர்கள் வாதம். ஓரளவு சரி. என்றாலும் மஞ்சள் அட்டை நடுவருக்கு நடுவர் மாறும். இரண்டுக்கும் பதிலாகப் பந்தை உதைத்தே தீர்க்க வழி இருக்கும்போது இவற்றில் எதுவும் தேவையில்லை என்பது என் எண்ணம்.

கோப்பையை வென்ற இரண்டு ஆட்டங்கள்

செப்டம்பர் 12 அரையிறுதியில் மாலத்தீவுக்கு எதிரி நேபாளம். ஏ குழுவில் முதலிடம், ஏழு கோல் அடித்த அணி. ஒன்பதாவது நிமிடத்திலேயே மாலத்தீவு கேப்டன் அக்ரம் அப்துல் கனி கோல் அடித்தார். நேபாளம் பதில் கோலுக்காக நெடுநேரம் முட்டி மோதியது, பின்வரிசை திறந்துகொண்டே போனது. 84-ஆவது நிமிடத்திலும் 86-ஆவது நிமிடத்திலும் இப்ராஹிம் வஹீத் ஹசன் அடுத்தடுத்து இரண்டு கோல் போட, 3-0 என்று முடிந்தது. லீக் சுற்றில் ஒரு கோல் இல்லை, அரையிறுதியில் மூன்று.

மற்றொரு அரையிறுதியில் இந்தியா பாகிஸ்தானை 3-1 என்று வென்றது. மன்வீர் சிங் இரண்டு கோல், சுமீத் பாஸி ஒன்று. பாகிஸ்தானுக்கு ஹசன் பஷீர். ஆட்டத்தின் கடைசியில் மூண்ட கைகலப்பில் இந்தியாவின் சாங்தேயும் பாகிஸ்தானின் மொஹ்சின் அலியும் சிவப்பு அட்டை வாங்கினார்கள். இறுதிப் போட்டியில் சாங்தே இல்லாதது இந்தியாவின் ஓரத் தாக்குதலைக் கண்டிப்பாகப் பாதித்தது.

இறுதிப் போட்டிக்கு வந்த இரண்டு அணிகளுமே மூன்று அணிக் குழுவிலிருந்து வந்தவை என்பதையும் கவனிக்க வேண்டும். அரையிறுதியில் தோற்ற நேபாளமும் பாகிஸ்தானும் அதற்கு முன் மூன்று ஆட்டம் ஆடியிருந்தன. வென்றவர்கள் இரண்டுதான். நேபாளத்துக்கு மூன்று நாள் முழு ஓய்வு கிடைத்தது, ஆகவே களைப்பால்தான் தோற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் டாக்காவின் செப்டம்பர் புழுக்கத்தில் ஒரு முழு ஆட்டம் கூடுதலாக ஓடுவதும் ஓடாமல் இருப்பதும் ஒன்றல்ல.

இறுதிப் போட்டியில் ஆறு நாளுக்கு முன் 2-0 என்று வென்ற அதே அணியை இந்தியா சந்தித்தது. மாலத்தீவின் பயிற்சியாளர் பீட்டர் செகர்ட் பின்வரிசையை நெருக்கமாக நிறுத்தி, பந்து கிடைத்ததும் ஒரே வீச்சில் முன்னே பாயச் சொல்லியிருந்தார். 19-ஆவது நிமிடத்தில் இப்ராஹிம் மஹூதி, கோல்கீப்பர் விஷால் கைத்தைத் தாண்டிப் பந்தை வலைக்கு அனுப்பினார். 66-ஆவது நிமிடத்தில் அலி ஃபாசிர் இரண்டாவது. கடைசி நிமிடங்களில் சுமீத் பாஸி ஒன்றைத் திருப்பினார், அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. செகர்ட்டுக்கு இது கணக்குத் தீர்த்த வெற்றியும்கூட: முந்தைய தொடரின் இறுதிப் போட்டியில், திருவனந்தபுரத்தில், கான்ஸ்டன்டைனின் இந்தியாவிடம் கூடுதல் நேரத்தில் 1-2 என்று தோற்ற ஆப்கானிஸ்தான் அணியின் பயிற்சியாளர் அவர்தான்.

நட்சத்திரம் இல்லாத சாம்பியன்

மாலத்தீவுக் கால்பந்து என்றால் எவருக்கும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் அலி அஷ்ஃபாக். 2013-இல் இலங்கையை 10-0 என்று வென்ற ஆட்டத்தில் தனி ஆளாக ஆறு கோல், அந்தத் தொடரில் மொத்தம் பத்து கோல். தொடர் வரலாற்றில் இருபது கோலுக்கு மேல் அடித்தவர்களில் அவரும் சேத்ரியும்தான் பேசப்படும் பெயர்கள். சேத்ரி 2011-இல் டெல்லியில் ஒரே தொடரில் ஏழு கோல் அடித்து, 1997-இல் இந்தியாவின் ஐ.எம். விஜயன் அடித்த ஆறு கோலைத் தாண்டினார். இந்தத் தொடர் ஸ்ட்ரைக்கர்களால் மட்டும் நினைவுகூரப்படுவதும் இல்லை. 2013 அரையிறுதியில் நேபாளத்தின் இரண்டு பெனால்டிகளைத் தடுத்த ஆப்கான் கோல்கீப்பர் மன்சூர் ஃபக்கிரியார் இல்லாமல் அந்தக் கோப்பை காபூலுக்குப் போயிருக்காது.

2018-இல் செகர்ட் அஷ்ஃபாக்கை அணியில் சேர்க்கவில்லை. நாட்டின் மிகப் பெரிய ஆட்டக்காரரை விட்டுவிட்டு லீக் சுற்றில் ஒரு கோல்கூட அடிக்காமல் நிற்கும் பயிற்சியாளரின் நிலை எப்படி இருந்திருக்கும்! நாணயம் மறுபக்கம் விழுந்திருந்தால் அந்த முடிவு தெற்காசியக் கால்பந்தின் பெரிய தவறுகளில் ஒன்றாகப் பதிவாகியிருக்கும். அரையிறுதியிலும் இறுதியிலும் மாலத்தீவின் ஐந்து கோல்களை நான்கு பேர் பகிர்ந்து அடித்தார்கள். ஒருவரையே நம்பிப் பந்தைக் கொடுத்துக்கொண்டிருந்த அணி கூட்டாக ஆடக் கற்றுக்கொண்டதுதான் அந்தக் கோப்பையின் உண்மையான காரணம் என்று நான் நம்புகிறேன்.

அதன் பிறகு

2021-இல் மாலேயில் நடந்த அடுத்த தொடரில் பாகிஸ்தானும் பூட்டானும் இல்லை. மிஞ்சிய ஐந்து அணிகளும் ஒருவரோடு ஒருவர் மோதி, முதல் இருவர் இறுதிக்குப் போனார்கள். இந்தியா நேபாளத்தை 3-0 என்று வென்றது. 2023-இல் பெங்களூரில் ஃபிஃபா தடையால் இலங்கை இல்லை. விருந்தினராகக் குவைத்தையும் லெபனானையும் அழைத்து எட்டு அணி ஆக்கினார்கள், தலா நான்கு அணிகளோடு இரண்டு குழு. இறுதியில் இந்தியா குவைத்தை ஷூட்-அவுட்டில் 5-4 என்று வென்றது. வங்கதேசம் ஒருவழியாக அரையிறுதிக்கு வந்தது.

பெரிய இடங்களிலும் இதே யோசனை ஓடியது. 2026 உலகக் கோப்பைக்கு மூன்று அணிகள் கொண்ட 16 குழுக்கள் என்று ஃபிஃபா முதலில் திட்டமிட்டிருந்தது. 2023 மார்ச்சில் அதைக் கைவிட்டு, நான்கு அணிகள் கொண்ட 12 குழுக்களுக்கு மாறியது.

தெற்காசியாவில் உறுப்பு நாடுகள் ஏழுதான். விருந்தினர் கிடைக்காத ஆண்டில் நான்கும் மூன்றுமாகப் பிரிக்கும் நிலை மறுபடி வரலாம். ஏழு அணியும் ஒருவரோடு ஒருவர் ஆட வேண்டுமென்றால் 21 லீக் ஆட்டம் தேவை, அதற்கு நாளும் பணமும் கிடைப்பது கடினம். 2018-இல் இறுதிப் போட்டி உட்பட மொத்தமே 12 ஆட்டங்கள்தான். செலவில்லாத வழி ஒன்று அன்றே கையில் இருந்தது. செப்டம்பர் 9 அன்று லீக் சுற்று முடிந்தது. அரையிறுதி 12-ஆம் தேதி. நடுவில் 10, 11 என்று இரண்டு நாள் மைதானம் காலியாக இருந்தது. இலங்கை, மாலத்தீவு இரு அணிகளும் தொடருக்காக டாக்காவுக்கு வந்திருந்தன. கடைசி லீக் ஆட்டத்தில் நேருக்கு நேர் மோதும் இரு அணிகள் எல்லாவற்றிலும் சமமாக முடித்தால் அங்கேயே பெனால்டி ஷூட்-அவுட் வைத்துத் தீர்க்கும் விதியை ஐரோப்பியக் கூட்டமைப்பு வைத்திருக்கிறது. அதைச் சற்று நீட்டி, மறுநாள் மாலை இரு அணிகளையும் மைதானத்துக்கு அழைத்து ஐந்தைந்து பெனால்டி அடிக்க வைத்திருக்கலாம். முழு ஆட்டத்தின் களைப்பு இல்லை, அரை மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். தோற்றுப் போகும் அணி, தானே உதைத்துத் தோற்றது என்று ஊருக்குத் திரும்பியிருக்கும். அடுத்த முறை மூன்று அணிக் குழு அமையும்போது, போட்டி விதிகளில் இந்த ஒரு பிரிவை முன்கூட்டியே சேர்த்துவிட வேண்டும்.